இந்த மாடலில் எத்தனை மணி நேரம், சார்?

பயிற்றுநர் உரிமம் கைக்கு வந்ததும் உங்களில் பாதிப் பேர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருப்பீர்கள். போடுங்கள், தப்பில்லை. எனக்குக் கிடைத்த காலத்தில் வாட்ஸ்அப் இருந்திருந்தால் நானும்தான் போட்டிருப்பேன். ஆனால் அந்த உரிமத்தோடு சேர்ந்து வரும் விதிகளில் ஒரு வரியை நீங்கள் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். இரட்டை இன்ஜின் விமானத்தில் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், கற்றுக்கொடுப்பவர் அதே நிறுவனம் தயாரித்த அதே மாடல் விமானத்தில், தானே பொறுப்பு விமானியாக இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்கிற வரி அது. வேறு ஒரு இரட்டை இன்ஜின் விமானத்தில் நீங்கள் தலைமுடி நரைக்கும்வரை பறந்திருந்தாலும் அந்த வரிக்கு அது கணக்கில்லை.

எங்கள் பள்ளியின் நடைமுறைக் கையேட்டிலும் அந்த வரி இருந்தது. நான் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்வேனே தவிர மதித்ததில்லை. அது அரைகுறைகளுக்காக எழுதிய வரி, நமக்கு இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அந்த நினைப்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். வீரக்கதை எதிர்பார்த்தால் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். இதில் யாரும் யாரையும் நடுவானில் காப்பாற்றவில்லை. எழுத உட்காரும்போதே எனக்குக் காது சூடாகிறது.

எனக்குச் சொந்த ஊர் விழுப்புரம். வேலைக்காகத் திண்டிவனத்தில் வீடு எடுத்தவன், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே இருந்துவிட்டேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அதன் ஓடுதளம் திண்டிவனத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் வழியில் இருந்தது என்பது போதும். எங்கள் மாணவர்கள் பறந்து பழகிய வானம் திண்டிவனத்துக்குத் தெற்கே தொடங்கி விழுப்புரம் வரைக்கும். மேலே போய்விட்டால் வழி கேட்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, கூடவே ரயில் பாதை, நடுவில் மண்டகப்பட்டுப் பாறைகள். அமாவாசை நாளில் மேல்மலையனூருக்குப் போகும் பஸ்களைப் பார்த்தே மேற்கு எது என்று சொல்லிவிடலாம்.

அந்த வானத்தில் எனக்கு ஒரு செல்வாக்கு இருந்தது. அதாவது, இருந்ததாக நான் நம்பினேன். விழுப்புரத்தில் கல்யாணம், காதுகுத்து என்று போனால் மண்டப வாசலிலேயே மச்சான்மார்கள் பிடித்துக்கொள்வார்கள். "தோ வந்துட்டாரு பாரு எங்க ரெண்டு இன்ஜின் வாத்தியாரு" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள். நான் கூச்சப்படுவதுபோலச் சிரிப்பேன். உண்மையில் அதைக் கேட்கத்தான் கல்யாணத்துக்கே போவேன்.

பள்ளியில் இருந்த பழைய இரட்டை இன்ஜின் விமானத்தில் வருடக்கணக்காக நான்தான் பயிற்றுநர். அதை விற்றுவிட்டு, வேறு நிறுவனத்தின் விமானம் ஒன்றைப் பழசாக வாங்கினார்கள். அதுவும் இரட்டை இன்ஜின்தான், கிட்டத்தட்ட அதே அளவுதான். வந்த அன்று ஓடுதளத்தைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் ஒன்றிரண்டு முறை. அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் பழக்கம்.

அந்த மாடலில் போதுமான நேரம் பறந்திருந்தவர் பள்ளியில் ஒரே ஒருவர், ஜெசிந்தா. திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். கற்றுக்கொள்ள வந்தபோது முதல் பாடத்திலிருந்து என் மாணவி. பிறகு வடக்கே ஒரு வாடகை விமான நிறுவனத்தில் சேர்ந்து, சில வருடங்கள் இதே மாடலைத்தான் ஓட்டினாள். சென்னைக்கு மாற்றலாகி வந்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பள்ளிக்குப் பயிற்றுநராக வந்துகொண்டிருந்தாள். மாணவர்களுக்கு அவள் மேடம், எனக்கு 'வாம்மா, போம்மா'தான்.

இரண்டு நாளில் எத்தனை பேருக்குத்தான் அவள் சொல்லிக்கொடுப்பாள்? வரிசை நீண்டுகொண்டே போனது. வரிசையின் கடைசியில் இம்தியாஸ் என்கிற பையன் இருந்தான், கோட்டக்குப்பத்துக்காரன். எழுத்துத் தேர்வுகளில் எல்லாம் தேறிவிட்டான். ஆனால் அந்தத் தேர்ச்சிக்கு ஒரு ஆயுள் உண்டு. அது முடிவதற்குள் இரட்டை இன்ஜின் பறப்புத் தேர்வையும் முடிக்காவிட்டால் எழுத்துத் தேர்வுகளை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய அத்தா காசிம் பாய் மஸ்கட்டில் வேலை செய்கிறவர், விடுமுறையில் வந்திருந்தார். திரும்பிப் போவதற்குள் பையன் அந்த விமானத்தை ஓட்டுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் ஸ்கூட்டரில் அவனோடு பள்ளிக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், இம்தியாஸ நீங்க எடுத்துக்கினீங்கன்னா பேஜாரு தீந்துச்சு. பையன் பாவம் காத்துக்கினே கீறான்."

"அந்த மாடல்ல எனக்கு நேரம் பத்தாதேப்பா" என்றேன். சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

"அதுவும் ரெண்டு இன்ஜின், இதுவும் ரெண்டு இன்ஜின். உங்களுக்குப் போயி எவன் சார் நேரம் கேப்பான்?"

இந்தக் கடைசி வாக்கியம் என் காதில் தேனாக இறங்கியது. ஒரு பையனுக்கு உதவி செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரி என்றேன். மறுநாள் காலை, யார் யாரோடு பறப்பது என்று எழுதும் பலகையில் இம்தியாஸ் பெயருக்கு நேராக என் பெயர் ஏறியது.

அது ஜெசிந்தா வரும் நாள். பறப்பதற்கு முன் மாணவர்களோடு பேசும் அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். உள்ளே வந்தவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?" என்றாள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவள் என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததாலேயே எழுந்து போகப் பிடிக்கவில்லை. நேற்று என்னிடம் கற்றுக்கொண்ட பெண் இன்று என்னை வெளியே கூப்பிடுகிறாளா என்று வீம்பு.

"இங்கயே சொல்லும்மா. பசங்களுக்கும் தெரியட்டும்" என்றேன்.

ஒரு கணம் தயங்கினாள். "இந்த மாடல்ல உங்களுக்கு எத்தினி மணி நேரம் ஆயிருக்கு சார்?"

"ரெண்டு இன்ஜின்ல நான் பறந்த நேரத்த எண்ணி முடிக்கவே உனுக்கு ஒரு மாசம் ஆவும்."

பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மொத்தம் கேக்கல சார். இந்த மாடல்ல."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினேன்.

"பத்தாது சார். இன்னிக்கு இம்தியாஸோட ஃப்ளைட்ட கேன்சல் பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டுப் பலகையில் என் பெயரைத் துடைத்தாள். குரலில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை. அடுத்த மாணவனிடம் காற்று எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். இம்தியாஸ் என்னிடம் வந்து, "பரவால்ல சார், நான் வெயிட் பண்றேன்" என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறான்! அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்றே தெரியவில்லை. கூனிக் குறுகிப் போனேன். அப்போது வந்த வெட்கம் தப்புச் செய்ய இருந்ததற்காக இல்லை. நாலு பேர் முன்னால் மானம் போனதே என்பதற்காக மட்டும்தான். இரண்டும் வேறு வேறு வெட்கம் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஒரு வாரம் தேவைப்பட்டது.

வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசிம் பாய்க்கு அவ்வளவும் கேட்டிருக்கிறது. சாயங்காலம் திண்டிவனத்தில் என் வீட்டைத் தேடி வந்துவிட்டார். கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. தண்ணீரைக் கூட வாங்கிக் குடிக்காமல் ஆரம்பித்தார்.

"இன்னா சார் இது? உங்க கிட்ட கத்துக்கினு போன பொண்ணு, உங்களயே நிக்க வெச்சி கேள்வி கேக்குது! எம்புள்ள வாழ்க்கைல வெளயாடுது சார் அது. உங்க மேல பொறாம. வேற ஒண்ணும் இல்ல."

இங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். 'இல்லை பாய், அந்தப் பெண் சொன்னதுதான் விதி, தப்பு என் பக்கம்' என்று ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை மரியாதை இருந்தது. அதை இழக்க மனசு வரவில்லை.

"இன்னா பண்றது பாய், இப்ப அவங்க கைலதான எல்லாம் இருக்குது" என்றேன். ஒரு பெருமூச்சையும் சேர்த்து விட்டேன்.

"நான் பேசிக்கறேன் சார் அந்தப் பொண்ணு கிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

என் மனைவி சகுந்தலா ஆபரேஷன் தியேட்டரில் நர்சாக இருந்தவள். சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அந்தப் பொண்ணு சொன்னது தப்பா?" என்றாள்.

"தப்பில்ல."

"அப்ப ஏன் பாய் கிட்ட அப்பிடி சொன்னீங்க?"

நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். அவள் அந்தப் பேரீச்சம்பழத்தைக் கடைசிவரை தொடவே இல்லை.

இதற்கு நடுவில் ஜெசிந்தா எனக்குப் போன் செய்தாள். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எடுத்தேன். அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சார், சனிக்கிழம எனக்கு லீவு. நான் வர்றேன். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். உங்க நேரம் ஜல்தியா முடிஞ்சா இம்தியாஸுக்கு சொல்லிக்குடுக்க ரெண்டு பேரு ஆச்சி இல்ல?"

தன் ஓய்வு நாளை எனக்காகக் கொடுக்கிறாள். அதையும் நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? பயந்துவிட்டாள், சமாதானத்துக்கு வருகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மனிதனுக்கு அகம்பாவம் வந்துவிட்டால் சர்க்கரையும் கசக்கும்போல.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. புறப்படும் முன் அவள் அந்த விமானத்தின் வேறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். நான் மடமடவென்று ஒப்பித்தேன். அதில் ஒன்று மட்டும் உங்களுக்கு இங்கே தேவை. விமானியின் முன்னால் இரண்டு லீவர்கள் இருக்கும். ஒன்று சக்கரத்தை ஏற்றி இறக்க. இன்னொன்று ஃபிளாப்பை, அதாவது இறங்கும்போது வேகம் குறைந்தாலும் விமானம் மிதந்து நிற்க உதவும் இறக்கையின் பின்தகடுகளை, ஏற்றி இறக்க. எங்கள் பழைய விமானத்தில் சக்கரம் இடது பக்கம், ஃபிளாப் வலது பக்கம். புதியதில் அப்படியே தலைகீழ், ஃபிளாப் இடது பக்கம், சக்கரம் வலது பக்கம். இதை நான் எழுத்துக்கூட்டாமல் ஒப்பித்தேன். அவள் தலையாட்டினாள்.

மேலே போனோம். மண்டகப்பட்டுக்கு மேலே இருந்தபோது அவள் சத்தம் காட்டாமல் ஒரு இன்ஜினின் வேகத்தைக் குறைத்துவிட்டாள். ஒரு இன்ஜின் செத்துப்போனால் என்ன செய்கிறேன் என்று பார்க்கும் சோதனை. விமானம் ஒரு பக்கம் இழுக்கும். கால் தானாகப் போய் நேராக்க வேண்டும், எந்த இன்ஜின் என்று குழம்பாமல் கண்டுபிடிக்க வேண்டும். நான் பிசிறில்லாமல் செய்தேன். சொல்லப்போனால் அழகாகவே செய்தேன்.

"என்னம்மா, பாஸா?" என்றேன்.

"சூப்பர் சார்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "நீ மொதமொதல்ல எறங்கினது ஞாபகம் இருக்குதா? தவள மாதிரி குதிச்சிக் குதிச்சி ஓடுதளத்தோட அந்தக் கோடி வரிக்கும் போனயே" என்று கிண்டல் செய்தேன். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன். அன்று பலகையில் துடைத்த பெயரை அவள் கையாலேயே எழுத வைத்துவிடுவேன் என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்டது, நன்றாகவே தொட்டது. நின்றுவிடாமல் அப்படியே மறுபடி கிளம்புவதாகத் திட்டம். அதற்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபிளாப்பை ஏற்ற வேண்டும். என் வலது கை போனது. நான் அனுப்பவில்லை, அதுவே போனது. பழைய விமானத்தில் எத்தனையோ வருடம் ஃபிளாப் எங்கே இருந்ததோ அந்த இடத்துக்கு, வலது பக்கத்துக்கு, நேராகப் போனது.

என் விரலில் லீவர் படவில்லை. ஒரு கையின் புறங்கை பட்டது. ஜெசிந்தாவின் கை. சக்கர லீவரை மூடியபடி அவள் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"அது இல்ல சார்" என்றாள், மெதுவாக.

அந்தக் கை அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரையில் நிற்கும்போது சக்கரம் மடங்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு ஒன்று உண்டுதான். ஆனால் அந்த வேகத்தில், பாதி பாரத்தை இன்னும் இறக்கையே தாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதை நம்ப முடியாது. சக்கரம் மடங்கும், வயிறு தரையில் தேயும், சுழலும் இரண்டு புரொப்பெல்லரும் ஓடுதளத்தில் அடிக்கும். இரண்டு இறக்கையிலும் பெட்ரோல் இருக்கிறது.

"நிறுத்திடலாம்மா" என்றேன். மறுபடி கிளம்பவில்லை. ஓடுதளத்தின் கோடியில் திரும்பி, விமானத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தோம்.  அவள் எதுவும் நடக்காததுபோல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எப்பிடித் தெரிஞ்சுது உனுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். நேரம் பத்தாதவங்க யாரு வந்தாலும் அங்க கை வெச்சிருவேன். எனுக்கும் மொத வாரம் இதே மாதிரிதான் கை போச்சி. அப்ப எம்பக்கத்துல இருந்தவரு வெச்சிக்கினு இருந்தாரு."

நேரம் பத்தாதவங்க. அதில் நானும் ஒருவன். அவள் யாரையும் மட்டம் தட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அந்த வரியை எழுதியவர்களும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், நான்தான் இத்தனை நாள் காதில் வாங்கவில்லை. மூளை ஒரு காலையில் மாறிவிடும், ஒப்பித்துவிடும். கைக்கு மணிக்கணக்கு வேண்டும். கை பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

இப்போது சொல்வதுதான் இருப்பதிலேயே வெட்கக்கேடு. இன்ஜினை நிறுத்தியதும் எனக்கு முதலில் தோன்றியது 'நல்லவேளை உயிர் தப்பியது' என்பது இல்லை. 'நல்லவேளை, கீழே இருந்து யாரும் பார்க்கவில்லை' என்பதுதான். ஓடுதளத்தில் நாங்கள் மறுபடி கிளம்பாமல் நின்றதற்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம், அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேதான் கதவைத் திறந்தேன்.

விமானம் நிறுத்தும் ஹேங்கருக்கு வெளியே வேப்பமரத்தடியில் இம்தியாஸும் காசிம் பாயும் நின்றிருந்தார்கள். பையன் ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டான். "செமையா எறக்கினீங்க சார், பூ மாதிரி" என்றான். எனக்குப் பின்னால் ஜெசிந்தா வந்தாள். காசிம் பாய் அவளை வழிமறித்தார்.

"ஏம்மா, இப்ப திருப்தியா உனுக்கு? உனுக்கு சொல்லிக்குடுத்த வாத்தியார நீ பக்கத்துல உக்காந்து பரீச்ச வெக்கிற. சாரு பெரிய மனுசன், வாயத் தொறக்காம தாங்கிக்கினு இருக்காரு. எனுக்கு லீவு இருக்கறதே இன்னும் கொஞ்சம் நாளு. எம்புள்ள பறக்கறத பாக்காமயே நான் போவணும், அதானே உன் ஆச?"

ஜெசிந்தா ஒரு தரம் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சும் பார்வை இல்லை, மாட்டிக்கொண்டீர்களா என்கிற பார்வையும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேனா என்று பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"எம்மேல கோவிச்சிக்கங்க பாய், பரவால்ல. நேரம் முடியாம ஆள ஏத்தறதில்ல. அவ்ளோதான்."

அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், நான் ஒழிந்தேன். 'இப்போதுதான் உங்க சார் சக்கரத்தை மடக்கப் பார்த்தார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. வெயிலில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பெரிய மனுசனாக நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ பேருக்கு, 'நெருக்கடியில் எடுக்கிற முடிவுதான் விமானி' என்று வகுப்பு எடுத்தவன் நான். எனக்கு வந்த நெருக்கடி தரையில் வந்தது, வேப்பமரத்தடியில்.

"பாய், அந்தப் பொண்ண திட்டாதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விதி என்ன என்பதை, என் நேரம் பற்றாது என்று எனக்கு முன்பே தெரியும் என்பதை, அவர் வீட்டுக்கு வந்த அன்று வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை. கடைசியாக, கால்மணி நேரத்துக்கு முன்னால் என் கை எங்கே போனது, அதை எந்தக் கை தடுத்தது என்பதையும் சொன்னேன். மேனேஜரும் இன்னும் சில மாணவர்களும் எப்போது வந்து நின்றார்கள் என்று தெரியவில்லை. அவர்களும் கேட்டார்கள். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்பட வேண்டியவன் நான், அவள் எனக்காக வெட்கப்பட்டாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். எனக்கு நேரம் சேர்ப்பதை அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜெசிந்தாவின் சனிக்கிழமைகளை இம்தியாஸுக்குக் கொடுக்கச் சொன்னேன். கெடுவுக்கு முன்னால் அவன் தேறிவிட்டான். ஆனால் காசிம் பாய் அதற்குள் மஸ்கட் போய்விட்டார். பையன் அந்த விமானத்தை ஓட்டுவதை அவர் நேரில் பார்க்கவில்லை. அந்தக் கடன் என் கணக்கில்தான் நிற்கிறது. நான் முதல் நாளே பலகையில் பெயர் எழுத விடாமல், நிலைமையை மேனேஜரிடம் அடித்துச் சொல்லியிருந்தால் சனிக்கிழமைகள் முன்பே தொடங்கியிருக்கும், அவரும் பார்த்திருப்பார். அடுத்த வருடம், என் நேரத்தை ஒழுங்காக, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டுதான் அந்த விமானத்தில் நான் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன். சக்கர லீவரை மூடிக் கை வைத்தபடிதான் உட்கார்ந்தேன்.

அந்த மரத்தடிக்கு வருகிறேன். நான் சொல்லி முடித்ததும் காசிம் பாய் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவரோ ஜெசிந்தாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அவள் பதறிப்போய், "ஐயோ, வேணாம் பாய்" என்றாள். பிறகு பையனைப் பார்த்தார். நிதானமாகக் கேட்டார்.

"அன்னிக்கு சாரு கூட நீ ஏறியிருந்தின்னா, அவரு கை அங்க போவுறத நீ பாத்திருப்பதான?"

"பாத்திருப்பேன் அத்தா."

"தடுத்திருப்பியா?"

இம்தியாஸ் என் பையை இன்னும் தோளில் மாட்டிக்கொண்டுதான் நின்றிருந்தான். அப்பா எதற்கு இதைக் கேட்கிறார் என்றே அவனுக்குப் புரியவில்லை.

"நான் ஏன் அத்தா தடுக்கப் போறேன்? சாரு கை போவுதுன்னா அதான் சரின்னு நெனச்சிக்குவேன்."

அவன் அதை மரியாதையோடுதான் சொன்னான்.